மறந்தவரும் மறக்காதவரும்
(சங்கத் திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரை)



பாலு மகேந்திராவின் ‘மூன்றாம் பிறை’ 1982இல் வந்த படம். விபத்தில் நினைவிழந்து குழந்தையாகிவிட்ட விஜியைச் சீனு தாயைப்போலப் பார்த்துக்கொள்கிறான். நினைவு திரும்பியதும் அவளுக்கு அவனைத் தெரியவில்லை. ரயிலடியில் குரங்காட்டம் ஆடிக் காட்டியும், அவளுக்கு அவன் யாரோ ஒருவன்தான்.

2004இல் வந்த ‘எடர்னல் சன்ஷைன்’ ஹாலிவுட் படத்தில் காதலர்கள் காசு கொடுத்தே ஒருவரையொருவர் மறக்கிறார்கள். ஆனால் மறுபடியும் சந்தித்து நெருங்குகிறார்கள். நினைவு போனாலும் பிரியம் போகவில்லை.

சினிமாவில் மறதி ஒரே நாளில் வரும், போகும். வீட்டில் அப்படியில்லை. டிமென்ஷியா மெல்ல வரும். பெரும்பாலும் அண்மை நினைவுகள் முதலில் போகும். காலையில் சாப்பிட்டது மறந்திருக்கும். கல்யாணத்தன்று பெய்த மழை நினைவிருக்கும். யார் பேசினார்கள் என்பது மறந்தாலும், அன்பாகப் பேசிய இதம் கொஞ்ச நேரம் தங்கும்.

நம் குடியிருப்பிலும் சீனுக்கள் இருக்கலாம். லிஃப்டில் தளம் மறந்து நிற்கும் பெரியவரிடம், “என்னைத் தெரியலையா?” என்று கேட்காதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லி, வாசல்வரை கூடப் போங்கள். அவரைக் கவனித்துக்கொள்பவர் வெளியே போய்வர ஒரு மணி நேரம் துணையிருங்கள்.