கீழ்ப்படியாதவர்கள்

மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத நோயாளியைக் குறிக்க ஆங்கில மருத்துவத்தில் ஒரு சொல் உண்டு. தமிழில் சொன்னால், கீழ்ப்படியாதவர். சேரியில் பிறந்த நமக்கு இச்சொல்லின் பொருளை யாரும் விளக்க வேண்டியதில்லை.

லாவோஸ் மலைகளில் வாழ்ந்த மொங் மக்களை அமெரிக்க உளவுத்துறை தன் ரகசியப் போருக்குச் சிப்பாய்களாக்கியது. 1975க்குப் பின் அவர்கள் அகதிகள். கலிபோர்னியாவின் மெர்செட் நகரில் குடியேறிய அப்படியொரு குடும்பத்தில் 1982இல் பிறந்தவள் லியா லீ. மூன்று மாதத்தில் வலிப்பு வந்தது. மொழிபெயர்க்க ஆளில்லை; முதல் இருமுறையும் மருத்துவமனை அதை வலிப்பென்றே கண்டறியவில்லை. பெற்றோருக்கோ அது ஆவி பிடித்துக் கீழே தள்ளும் நோய். இதைத்தான் 'பண்பாட்டுத் தடை' என்கிறார்கள். இருக்கட்டும். நான்கு ஆண்டுகளில் மருந்துச்சீட்டு 23 முறை மாறியதே, அது யாருடைய பண்பாடு? அந்தத் தாய் தகப்பனுக்கு எந்த மொழியிலும் எழுதப் படிக்கத் தெரியாது. படித்த நாமே திணறியிருப்போம். 1985இல் குழந்தையைப் பிரித்து வளர்ப்பு வீட்டுக்கு அனுப்பினார்கள். காரணம், கீழ்ப்படியாமை.

இதை நூலாக்கிய ஆன் ஃபாடிமன் (1997), மருத்துவ மானுடவியலாளர் ஆர்தர் கிளைன்மனிடம் யோசனை கேட்டார். முதலில் அந்தச் சொல்லைக் கைவிடுங்கள் என்றார் அவர். மருத்துவத்துக்கும் ஒரு பண்பாடு உண்டு என்பதையும் நினைவூட்டினார்.

1986இல் பெரும் வலிப்பு வந்து லியாவின் மூளை செயலிழந்தது. சில நாளில் இறந்துவிடுவாள் என்றார்கள் மருத்துவர்கள். வீட்டார் தூக்கிவந்து குளிப்பாட்டி, ஊட்டி, முதுகில் சுமந்தார்கள். 2012 வரை உயிரோடிருந்தாள்.