பூசணத் தீவனமும் கோழியின் ஈரலும்



1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மாண்டன. தீவனத்திற் சேர்த்த பிரேசில் நாட்டுக் கடலைப் பிண்ணாக்கில் இருந்த பூசண நஞ்சே காரணமெனப் பின்னர்க் கண்டறியப்பட்டது. அஃப்ளாடாக்சின் எனப்படும் அந்நஞ்சு ஈரலைத் தாக்கும். ஈரல் வெளுத்து, வீங்கி, கொழுப்பேறும். முட்டை குறையும். வாத்துக் குஞ்சுகளோ இன்னும் எளிதில் மடியும்.

காசு கொடுத்து வாங்கிய மூட்டையை வீச மனம் வராதென்பதை நாம் அறிவோம். ஆயினும் வேகவைத்தாலும் இந்நஞ்சு முற்றும் அழியாது. பெண்டோனைட் என்னும் களிமண் தாதுவைத் தீவனத்திற் கலந்தால், அது குடலிலேயே நஞ்சைப் பற்றி எச்சத்தோடு வெளியேறும். ஈரலைச் சேரும் அளவு குறையும். (ஆற்றங்கரைக் களிமண் இதற்கு ஆகாது.) செலினியமும் ஈரலுக்குத் துணைசெய்யும்; அளவு மிஞ்சினால் அதுவே நஞ்சு. ஆகவே கால்நடை அதிகாரியைக் கேட்டே அதனைச் சேர்த்தல் வேண்டும்.

மூட்டைகளை ஈரத்தரையில் அடுக்காது பலகைமேல் வையுங்கள்.