திட்டமிட்ட நாளும் திறந்த கதவும்

காலையிற் கண் விழித்ததும் அன்றைய பொழுதை மணிக்கணக்கிற் பகுத்து வைத்துக்கொள்வோர் சிலர். வருவது வரட்டும் என்று பொழுதை அதன் போக்கில் விட்டுவிடுவோர் சிலர். முதற் கூட்டத்தாருக்குத் தலைவராக அமெரிக்க அறிஞர் பென்சமின் பிராங்கிளினையே உலகம் பெரும்பாலும் காட்டும். ஆண்டுதோறும் பஞ்சாங்கம் அச்சிட்டு, அதன் இடைவெளிகளிலே உழைப்பையும் சிக்கனத்தையும் பழமொழிகளாகப் புகட்டியவர் அவர். ஆயினும் அவரே எழுதிய வாழ்க்கை வரலாற்றைப் படிப்போர் வேறொரு மனிதரை அங்கே சந்திக்கின்றனர்.

1706 ஆம் ஆண்டு பொஸ்ரன் நகரிற் பிறந்த பிராங்கிளின், பிலடெல்பியாவில் அச்சுத் தொழில் நடத்திய இளமைக் காலத்தில், குற்றமே இல்லாத மனிதராக வாழ்வது என்று முடிவு செய்தார். முடிவு செய்தாற் போதும் என்று எண்ணியது அந்த வயதின் இயல்பு. 13 நற்பண்புகளை எழுதிக்கொண்டு, வாரத்துக்கு ஒன்றாகப் பயிலலானார். 13 வாரங்களில் ஒரு சுற்று. ஆண்டுக்கு 4 சுற்றுக்கள். சிறு புத்தகமொன்றிற் சிவப்பு மையாற் கட்டங்கள் வரைந்து, தவறிய ஒவ்வொரு முறைக்கும் ஒரு கரும்புள்ளி இட்டார். புள்ளிகளைச் சுரண்டிச் சுரண்டித் தாள் துளைபட்டுப் போயிற்று. பின்னர் தந்தத் தகடுகளிலே கட்டம் வரைந்து, பென்சிலாற் புள்ளியிட்டு, ஈரப் பஞ்சினால் துடைத்துக்கொண்டார்.

நாளுக்கும் ஓர் அட்டவணை இருந்தது. 5 மணிக்குத் துயிலெழல். 8 முதல் 12 வரை வேலை. பின் 2 மணி வரை வாசிப்பும் கணக்கும் உணவும். மீண்டும் 6 வரை வேலை. அதன்மேல் இசையும் உரையாடலும். 10 மணிக்கு உறக்கம்.

அப்பண்புகளுள் அவரை மிகவும் அலைக்கழித்தது மூன்றாவதாகிய ஒழுங்கு. பொருள்கள் யாவற்றுக்கும் இடம் வகுத்தல், அலுவல்கள் யாவற்றுக்கும் நேரம் வகுத்தல் என்னும் இரண்டும் அதனுள் அடங்கும். கூலிக்கு அச்சு வேலை செய்பவனுக்கு இது இயலலாம். அச்சுக்கூடத்தின் முதலாளிக்கு இயலாது என்று அவர் கண்டார். வாடிக்கையாளர் தமக்கு வாய்த்த நேரத்திலேதான் வருவர். விந்தைதான்! பிறரிடம் உழைப்பவன் தன் நாளைத் திட்டமிடலாம்; தனக்குத் தானே தலைவனானவனோ கதவைத் தட்டுவோர்க்கெல்லாம் தன் நேரத்தைக் கொடுத்தாக வேண்டும்.

இவ்விடத்தில் அவர் ஒரு கதை சொல்கிறார். கோடரி வாங்கிய ஒருவன், அதன் முழு முகமும் விளிம்பைப் போலவே பளபளக்க வேண்டும் என்றான். சாணைக்கல்லை நீ சுழற்றினாற் செய்து தருகிறேன் என்றான் கொல்லன். சுழற்றிச் சுழற்றிக் களைத்தவன், புள்ளி விழுந்த கோடரியே தனக்கு மிகவும் பிடித்தமானது என்று சொல்லி அதனை எடுத்துக்கொண்டு நடந்தான்.

1776 இல் அமெரிக்காவின் தூதராகப் பிரான்சு சென்ற பிராங்கிளின், பாரிசு நகரை அடுத்த பாசி என்னும் ஊரில் தங்கினார். 1778 பெப்ரவரி 6 ஆந் திகதி பிரான்சுடன் நட்புறவு உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. சில வாரங்களின் பின் வந்து சேர்ந்த ஜோன் அடம்ஸ், அங்கே நிலவிய வாழ்க்கை முறையைக் கண்டு மனம் புழுங்கினார். காலையுணவு தாமதம், அது முடிந்ததுமே பார்வையாளர் கூட்டம், பின்னர் விருந்து, ஒரு கையொப்பம் பெறுவதே அரிது. அடம்ஸ் சினந்தது இயல்பே. ஆயினும் அந்தப் பார்வையாளரையும் விருந்துகளையும் கொண்டே பிராங்கிளின் பிரெஞ்சு மக்களின் உள்ளத்தைக் கவர்ந்தார். அட்டவணையின்படி கதவை அடைத்திருந்தால் தூது நடந்திராது.

ஒழுங்கின் மற்றப் பாதியான பொருள்களுக்கு இடம் வகுத்தலோ எந்தப் பார்வையாளரும் குலைக்கக்கூடியதன்று. அதனையும் அவர் கைவிட்டுவிட்டார்; பாசி இல்லத்தில் அரசாங்கத் தாள்கள் சிதறிக் கிடந்தன. அங்கே நம்பிக்கைக்குரிய செயலாளராயிருந்த எட்வேட் பான்குரொவ்ற் பிரித்தானியரின் ஒற்றன். செய்திகளைப் போத்தலில் அடைத்துப் பாரிசுப் பூங்காவொன்றின் மரத்தடியில் வைத்து இலண்டனுக்கு அனுப்பியவன் அவன். தாள்கள் அடுக்கப்பட்டிருந்தாலும் அவை அவன் கைக்கு எட்டியிருக்கும். ஆனால் அத்தகைய குவியலில் எது எவர் கண்ணிற் பட்டது என்று அறிவது எவ்வாறு? அவனது வஞ்சம் வெளியுலகுக்குத் தெரிய வந்தது 1889 இலேதான்.

1784 இல், தமது 78 ஆம் வயதில், பாசியிலிருந்தே பிராங்கிளின் அந்த ஒழுங்குப் பயிற்சியின் கதையை எழுதினார். இளமையில் நினைவாற்றல் மிகுந்திருந்தமையால் ஒழுங்கின் இன்மை தம்மை வருத்தவில்லை என்றும், முதுமையில் நினைவு தளர்ந்தபோது அதன் குறையை நன்கு உணர்வதாகவும் அதில் அவர் குறித்து வைத்தார்.