பெயரில்லாத வண்டி

1960ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே, ஐம்பத்தெட்டு வயதான அமெரிக்க எழுத்தாளர் ஒருவர் தமது நாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கெனப் புறப்பட்டார். இரண்டு ஆண்டுகளின் பின் நோபல் பரிசு பெறவிருந்த ஜோன் ஸ்ரைன்பெக்தான் அவர். துணைக்குச் சார்லி என்ற நாய் ஒன்று. பயணத்துக்கு, பின்புறத்திலே கட்டில், அடுப்பு முதலியவற்றுடன் ஒரு சிறு வீட்டையே சுமந்த பிக்அப் ட்ரக் ஒன்று. நாம் இங்கே ‘கெப்’ என்று வழங்குகின்ற அந்த வகை வண்டிக்கு, ஸ்பானிய நாவலில் வரும் டொன் கிஹோட்டேயின் குதிரையின் பெயரை அவர் சூட்டினார்: ரொசினாந்தே. பெயரைப் பழைய ஸ்பானிய எழுத்து வடிவத்திலே வண்டியின் பக்கத்தில் தீட்டியும் வைத்தார்.

1605இல் வெளிவந்த அந்த நாவலின் முதல் அத்தியாயத்தை வாசித்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எலும்புந்தோலுமான தன் குதிரைக்கு ஏற்றதொரு பெயரைத் தேடி டொன் கிஹோட்டே நான்கு நாள் யோசிக்கிறான். ‘ரொசின்’ என்றால் ஸ்பானிய மொழியிலே வேலைக்குமட்டும் உதவும் ஒரு சாதாரண மட்டக்குதிரை. ‘அந்தே’ என்பதற்கு ‘முன்’ என்று பொருள். முன்னர் மட்டக்குதிரை என்றும் கொள்ளலாம், மட்டக்குதிரைகளுள் முதன்மையானது என்றும் கொள்ளலாம். பெயரிலே கேலியும் உண்டு, அளவற்ற பாசமும் உண்டு. ஸ்ரைன்பெக் தமது வண்டிக்கு அதைத் தெரிந்தெடுத்தது தற்செயலன்று.

ஒரு வண்டிமீது மனிதன் வைக்கும் பாசம் இலக்கியத்துக்கு உரிய பொருள்தானா என்று சிலர் கேட்கலாம். அமெரிக்க இலக்கியத்தைப் பொறுத்தவரை அக்கேள்விக்கே இடமில்லை என்பது என் எண்ணம். 1925ஆம் ஆண்டு ஃபோர்ட் நிறுவனம் பின்புறத்திலே சிறு தொட்டி பொருத்திய தனது ‘ரி’ ரக வண்டியை 281 டொலருக்கு விற்கத் தொடங்கியது. அந்நாட்டுக் கமக்காரனுக்கும் தச்சனுக்கும் அத்தகைய வண்டி வெறும் வாகனமாக இருக்கவில்லை. ஏர், மாடு, ஆயுதப் பெட்டி ஆகிய மூன்றின் இடத்தையும் அது பிடித்துக்கொண்டது.

இதை ஸ்ரைன்பெக் 1939இல் வெளியிட்ட ‘த கிறேப்ஸ் ஒவ் றாத்’ நாவலிலே காண்கிறோம். ஒக்லஹோமாவில் நிலத்தை இழந்த ஜோட் குடும்பத்தினர் கலிபோர்னியாவுக்குப் புறப்படுகின்றனர். பழைய ஹட்சன் கார் ஒன்றின் உடலை வெட்டி, பின்புறத்திலே பலகைத் தட்டு அடித்து, அதை ட்ரக்காக மாற்றிக்கொள்கின்றனர். புறப்படுவதற்கு முன் குடும்பம் கூடி ஆலோசிக்கும் காட்சி ஒன்று வருகிறது. அவர்கள் கூடுவது வீட்டுக்குள்ளே அல்ல, வண்டியைச் சுற்றி. அடுப்படிக்கு உரிய இடத்தை அந்த வண்டி பெற்றுவிட்டது என்பதை ஆசிரியர் அங்கே வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறார்.

அதே நாவலின் ஏழாம் அத்தியாயத்திலே கதைமாந்தர் எவரும் இல்லை. இருப்பது பழைய கார் விற்கும் ஒரு வளவும், அங்குள்ள வியாபாரியின் வாயுமே. கியர்ப் பெட்டியின் சத்தத்தை அடக்க மரத்தூள் போடுவதும், நல்ல பற்றரியைக் கழற்றிவிட்டுச் செத்த பற்றரியைப் பூட்டுவதுமாக, ஊரைவிட்டு ஓட வழி தேடும் ஏழைகளின் கடைசிக் காசையும் கறக்கும் வித்தைகள் எல்லாம் மூச்சுவிடாத வேகத்திலே சொல்லப்படுகின்றன. அடுப்படியாகப் போகின்ற அந்தப் பொருளே இங்கே வெறும் சரக்கு. ஒரே நாவலில் இரண்டையும் காட்ட முடிந்ததுதான் ஸ்ரைன்பெக்கின் பலம்.

இன்னொன்றும் கவனித்தேன். எழுத்தாளர் தமது சொந்த வண்டிக்குப் பெயர் வைத்தார். ஜோட் குடும்பத்தார் தமது வண்டிக்குப் பெயர் வைக்கவில்லை. அது வெறும் ‘ட்ரக்’தான். பழுதுபட்டால் பிழைப்பே போய்விடும் என்ற நிலையில் இருப்பவனுக்குப் பெயர் வைத்து விளையாட நேரம் இருப்பதில்லைப் போலும்.

ஆனால் இந்த நூல்கள் சொல்லாத ஒன்று உண்டு. பல வருடங்கள் உழைத்த வண்டி, ஊரிலிருந்து வெகு தொலைவிலே ஒருநாள் நொறுங்கிப் போனால், அதற்கு அடுத்த நாள் என்ன நடக்கிறது? இன்னொரு வண்டியை மனிதன் எப்படி வாங்குகிறான்? இதற்கு விடையை நான் ஒரு நூலிலே வாசிக்கவில்லை, ஒரு மனிதரின் கொப்பியிலே வாசித்தேன்.

2011ஆம் ஆண்டு இலையுதிர் காலத்திலே அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் மூன்று மாதம் தங்கியிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற தச்சுத் தொழிலாளி. மனைவியை இழந்தவர். 1986ஆம் ஆண்டில் வாங்கிய பிக்அப் ஒன்றை இருபத்து மூன்று வருடங்கள் வைத்திருந்தவர். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுசென்றதும், மனைவியைக் கடைசியாக வைத்தியசாலைக்கு ஏற்றிச் சென்றதும் அந்த வண்டியில்தான். அதற்கும் பெயர் இருக்கவில்லை.

நான் அங்கு போவதற்கு இரண்டு வருடங்களுக்கு முன், யூட்டா மாநிலத்திலே புதிதாகக் குடியேறிய மகளுக்காக வீட்டுச் சாமான்களை ஒரு ட்ரெயிலரிலே ஏற்றி, பிக்அப்பின் பின்னால் கொளுவிக்கொண்டு அவர் புறப்பட்டிருக்கிறார். ட்ரெயிலர் இழுப்பதிலே ஒரு கணக்கு உண்டு. அதன் முழுப் பாரத்திலே 10 முதல் 15 வீதம் வரை முன்பக்கத்தில், வண்டியுடன் இணையும் குண்டின்மேல் அழுந்தவேண்டும். பாரம் பின்னுக்குப் போனால் ட்ரெயிலர் பாம்பு போல நெளியத் தொடங்கும். இதெல்லாம் அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் மகளின் சமையலறைக்கென்று தம் கையாலேயே செய்த ஓக் மர அலுமாரி ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் பாரமானது அதுவே. போய்ச் சேர்ந்ததும் முதலில் இறக்கவேண்டும் என்ற ஆசையினாலே அதைக் கடைசியாக ஏற்றினார். கடைசியாக ஏற்றியது கதவடியிலே, பின்பக்கத்திலே நின்றது.

வயோமிங் மாநிலத்தை ஊடறுத்துச் செல்லும் 80ஆம் இலக்க நெடுஞ்சாலை காற்றுக்குப் பேர்போனது. காற்று மிகும் நாட்களிலே பாரம் குறைந்த உயரமான வண்டிகளைத் தடுத்து நிறுத்திவிடுவார்கள். லாரமி நகருக்கு மேற்கே ஓர் இறக்கத்திலே, பெரிய லொறி ஒன்று அவரைக் கடந்து சென்றது. லொறி மறைத்திருந்த பக்கக் காற்று, அது கடந்தவுடன் ஒரேயடியாக வந்து அறைந்தது. ட்ரெயிலர் ஆடத் தொடங்கியது. அப்படியான வேளையிலே வண்டியின் பிறேக்கை மிதிக்கக் கூடாது. கையருகே உள்ள சிறு பிடியினாலே ட்ரெயிலரின் பிறேக்கைமட்டும் பிடிக்கவேண்டும். அப்போதுதான் பின்னால் வருவது முன்னால் போவதை நேராக இழுத்து நிறுத்தும். “கைக்குத் தெரிந்திருந்தது, கால் முந்திவிட்டது” என்றார் அவர். ட்ரெயிலர் வண்டியைத் தள்ளித் திருப்பியது. இரண்டும் கத்தரிபோல் மடிந்து, பாதையோரப் புல்லிலே சரிந்தன.

அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது, அவ்வளவுதான். வண்டியின் அடிச்சட்டம் வளைந்துவிட்டது.

அடுத்து வந்த மூன்று நாட்களைப் பற்றி அவர் சொன்னதே என்னை அதிகம் பாதித்தது. ஊர் ஆயிரத்து இருநூறு கிலோமீற்றருக்கும் அப்பால். நொறுங்கிய வண்டி நின்ற வளவுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று வாடகை ஏறிக்கொண்டிருந்தது. காப்புறுதிக்காரர் தொலைபேசியிலே பேசினார். திருத்தும் செலவு வண்டியின் சந்தைப் பெறுமதியை மிஞ்சிவிட்டால் வண்டியைத் திருத்தமாட்டார்கள். பெறுமதியைத் தந்துவிட்டு இரும்பை எடுத்துக்கொள்வார்கள். இருபத்து மூன்று வருடத்து வண்டியின் பெறுமதி என்ன? இரண்டாயிரத்துச் சொச்சம் டொலர். அந்தக் காப்புறுதிக்காரர்மீது அவருக்குக் கோபமில்லை. “அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாள். வண்டியிலே மேலதிகமாக ஏதாவது பொருத்தியிருக்கிறீர்களா, பெறுமதியோடு சேர்க்கலாம் என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் ஞாபகத்துக்கு வரவில்லை” என்றார்.

கையைக் கட்டித் தோளிலே தொங்கவிட்டபடியே பழைய வண்டிகள் விற்கும் ஓர் இடத்துக்குப் போனார். ஸ்ரைன்பெக்கின் ஏழாம் அத்தியாயம் என் மனத்திலே ஓட, “ஏமாற்றினார்களா?” என்று நான் அவசரமாகக் கேட்டேன். சிரித்தார். பழைய வண்டி ஒன்றை வாங்குமுன் அதன் கீழே மல்லாந்து படுத்துப் பார்ப்பது அவர் வழக்கமாம். முறிந்த தோளுடன் அது முடியாது. விற்பனைக்கு நின்ற பையன் தன் சேட்டைக் கழற்றி வைத்துவிட்டு, ரோச் லைற்றுடன் தானே கீழே புகுந்தான். பின்பக்கத்திலே எண்ணெய் கசிகிறது என்று அங்கிருந்தே சத்தமிட்டுச் சொன்னான். 2001ஆம் ஆண்டு வண்டி. விலை எண்ணாயிரம் டொலர். காப்புறுதிப் பணத்தோடு சேமிப்பையும் சேர்த்துக் கொடுத்தார். கசிவைச் சொன்னதற்காகவே அதை வாங்கியதாகச் சொன்னார்.

பழைய வண்டியிலிருந்து என்ன எடுத்தீர்கள் என்று கேட்டேன். ஆயுதங்கள், மழைக்கோட்டு, ஒரு கொப்பி. அவ்வளவே.

அந்தக் கொப்பியை எனக்குக் காட்டினார். பெற்றோல் அடித்த ஒவ்வொரு நாளும் ஒரு வரி: திகதி, மீற்றர் காட்டிய மைல், எத்தனை கலன், விலை. சில வரிகளின் ஓரத்திலே ஒரு சொல் – ‘பனி’, ‘பரீட்சை’, ‘அம்மா’. அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றின் மீற்றரிலே ஐந்து இலக்கங்களுக்குத்தான் இடம். 99,999க்குப் பின் சைபரிலிருந்து தொடங்கும். ஓடிய இலட்சங்களை வண்டி மறந்துவிடும், கொப்பிதான் ஞாபகம் வைத்திருக்கும். பக்கங்களைப் புரட்டினேன். எண்கள் ஏறிச் சென்று இரண்டு தடவை சைபருக்கு விழுந்து மீண்டும் ஏறின. கடைசிப் பக்கங்களிலே 71,408க்குக் கீழே 58,326 என்று இருந்தது. மூன்றாம் தடவையும் எண் விழுந்திருந்தது. கோடு இழுக்கப்படவில்லை. புதிய வண்டி என்ற குறிப்பும் இல்லை. ஓரத்தில் இருந்த சொல் ‘காற்று’.

அவர் சொல்லியிராவிட்டால், எந்த வீழ்ச்சியிலே வண்டி மாறியது என்று நான் கண்டுபிடித்திருக்கமாட்டேன். ஏன் புதிய கொப்பி தொடங்கவில்லை என்று கேட்டதற்கு, “இதிலே இன்னும் தாள் இருக்கிறதே” என்றார். இந்த விடையிலே தத்துவம் தேடக் கூடாது என்று நினைக்கிறேன். சிக்கனமான தச்சர் ஒருவர் உண்மையாகவே சொன்ன காரணம் அது. எனினும், மகள் தகப்பனைக் கூட்டிச் செல்ல வந்தபோது, அவர் பழைய வண்டி நின்ற வளவுக்கு இன்னொரு தடவை போகவேண்டும் என்று கேட்டிருக்கிறார். போய், வண்டியின் முன்னால் நின்றுவிட்டு, கதவைக்கூடத் திறக்காமல் திரும்பிவிட்டார். இதை அவர் சொல்லவில்லை. மகள் பின்னர் வந்திருந்தபோது சொன்னாள்.

பெயரைப் பற்றி நான் முன்னர் சொன்னதற்கு மறுப்பாக ஒன்றைக் குறிப்பிடவேண்டும். வங்க இயக்குநர் ரித்விக் கட்டக்கின் ‘அஜாந்திரிக்’ திரைப்படம் 1958இல் வந்தது. சுபோத் கோஷின் சிறுகதையைத் தழுவியது. அதிலே வரும் பிமல் என்ற ஏழை வாடகைக் கார்ச் சாரதி, தனது ஓட்டைக் காருக்குப் பெயர் வைத்திருக்கிறான்: ஜகத்தல். அசைக்க முடியாத பாறாங்கல் என்பது அதன் கருத்து. மீண்டும் கேலியும் பாசமும் கலந்த பெயர்! ஆகவே ஏழைகள் பெயர் வைப்பதில்லை என்ற என் கருத்து எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிமலுக்கு வேறு மனிதத் துணை இருக்கவில்லை, ஆகவே வண்டி ஆளாயிற்று. ஜோட் குடும்பத்தவர்களுக்கோ, நான் சொன்ன தச்சருக்கோ, வண்டிக்குள்ளே ஆட்கள் இருந்தனர். கட்டக்கின் படத்திலே கார் இறுதியில் இரும்புக்கடைக்குப் போகிறது. பிமல் கலங்கி நிற்க, கழற்றி எறியப்பட்ட அதன் ஹோணைக் குழந்தை ஒன்று எடுத்து அமத்துகிறது. சத்தம் கேட்கிறது. பிமல் சிரிக்கிறான். இந்திய சினிமாவிலே நான் பார்த்த மிக நல்ல முடிவுகளுள் ஒன்று அது.

ரொசினாந்தே என்ன ஆனது என்று நேயர்கள் கேட்பீர்கள். ஸ்ரைன்பெக்கின் பயண நூலான ‘ட்ரவல்ஸ் வித் சார்லி’ 1962இல் வெளிவந்தது. அதிலே வரும் உரையாடல்கள் எல்லாம் நடந்தவைதாமா என்ற ஐயத்தைப் பிற்காலத்தவர் எழுப்பியுள்ளனர். வண்டி பொய்யன்று. ஆசிரியர் பிறந்த சலீனாஸ் நகரிலே, அவர் பெயரிலான நினைவு நிலையத்திலே, அது இப்போதும் நிற்கிறது. நூலை வாசிக்க விரும்புவோர் முதற்பக்கத்திலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பதில்லை. ஓரிகன் மாநிலத்திலே, ஒரு ஞாயிற்றுக்கிழமை, கொட்டும் மழையில் ரொசினாந்தேயின் பின் ரயர் வெடிக்கும் பகுதியை முதலில் எடுங்கள். முன்பின் தெரியாத பெற்றோல் நிலையக்காரர் ஒருவர், விடுமுறை நாளிலே இடமிடமாகத் தொலைபேசியில் விசாரித்து, அந்த வண்டிக்கு ஏற்ற பாரமான ரயர்களைத் தேடிப் பிடிக்கும் பக்கங்கள் அவை.