தொட்டி மீனும் ஓடும் நீரும்

மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், 2010-ஆம் ஆண்டில் கடல் விரால் என்னும் ஊனுண்ணும் பெருமீனை, இந்தியாவிலேயே முதன்முறையாகத் தம் பாதுகாப்பில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கச் செய்தார்கள். அத்தகைய மீனைத் தொட்டியில் காப்பதற்கு, இரையைப் போலவே இன்றியமையாதது ஓடும் நீர்.

மீனின் கழிவில் பெரும்பகுதி அம்மோனியாவாகச் செவுள் வழியே நீரில் கலக்கிறது. கண்ணுக்குத் தெரியாத நஞ்சு அது. வடிகட்டியில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. ஆனால், நீர் அவற்றிடம் போய்ச் சேர வேண்டுமே!

மண்டபத்துச் செய்தி தந்த ஆசையால், நயினார்கோவிலில் என் வீட்டு முற்றத்தில் 1,000 லிட்டர் தொட்டி கட்டி, இரண்டு கொடுவா மீன்களை வளர்த்தேன். தொட்டி நீர் மணிக்கு ஐந்து முறை சுற்றிவர வேண்டுமென்று கணக்கிட்டு, மணிக்கு 5,000 லிட்டர் எனப் பொறித்த பம்பு வாங்கினேன். மீன்கள் ஒரு கிலோ எடையை எட்டிய சமயம், ஒன்று மாண்டது.

36 ஆண்டுகள் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன், விடையைச் சரிபார்க்கவில்லை! வாளியும் கடிகாரமுமாக உட்கார்ந்தேன். 10 லிட்டர் வாளி நிரம்ப 18 விநாடி ஆயிற்று. அஃதாவது, மணிக்கு 2,000 லிட்டரே. பம்பில் பொறித்த அளவு, நீரை மேலே ஏற்றாதபோது கிடைப்பது. என் வடிகட்டியோ ஐந்தடி உயரத்தில் இருந்தது, குழாயும் குறுகியது, மூன்று வளைவுகள் வேறு.

வடிகட்டியைத் தாழ இறக்கி, அகன்ற குழாயை நேராகப் பொருத்தினேன். அதே பம்பில் வாளி 9 விநாடியில் நிரம்பிற்று. நான்கு சுற்று, எஞ்சிய ஒரு மீனுக்குப் போதும்.

மின்சாரம் நின்றுவிடும் இரவுகளில் மட்டும், செம்பினால் நீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டு, நானே பம்பாகிவிடுகிறேன்.