ராஜாவின் பந்தியில் ஓர் இடம்

(சபை ஆண்டுவிழாவில் ஆற்றிய உரை)



பிள்ளைகளே, மேவிபோசேத்தைத் தெரியுமா? யோனத்தானின் மகன். அவனுக்கு 5 வயதாக இருந்தபோது, போர்ச் செய்தி கேட்ட தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அந்த அவசரத்தில் அவன் விழுந்தான். இரண்டு கால்களும் முடமாயின. பின்னாளில் தாவீது ராஜா அவனைத் தேடி அழைத்து, தம் பந்தியில் எந்நாளும் சாப்பிட வைத்தார். "கால் சுகமான பிறகு வா" என்று சொல்லவில்லை. கடைசிவரை அவன் கால்கள் முடமாகவே இருந்தன; ஆனாலும் பந்தியில் அவனுக்கு இடம் இருந்தது.

நானும் ஒரு தாதி என்பதால் இந்த வரலாறு என் மனதை விட்டுப் போவதில்லை.

இங்கே பிரித்தானியாவில் ஏறத்தாழ 400 பிள்ளைகளில் ஒருவருக்குப் பெருமூளை வாதம் இருக்கிறது. பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்த சிறிது காலத்திலோ மூளைக்கு ஏற்படும் பாதிப்பே காரணம். அது தொற்றாது. பெற்றோரின் பாவமும் அல்ல. பிறவிக்குருடனைக் குறித்துச் சீஷர்கள் கேட்டபோதே ஆண்டவர் அதற்குப் பதில் சொல்லிவிட்டார்.

8 மாதமாகியும் பிள்ளை தானாக உட்காரவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை, ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் பாவிக்கிறது என்றால், "தகப்பனும் பிந்தித்தான் நடந்தவர்" என்று காத்திருக்க வேண்டாம். குறைமாதப் பிள்ளை என்றால், பிறந்திருக்க வேண்டிய நாளிலிருந்து மாதங்களைக் கணக்கிடுங்கள். ஜிபியிடமோ ஹெல்த் விசிட்டரிடமோ சொல்லுங்கள். எல்லாத் தாமதமும் நோயல்ல; ஆனால் வேளைக்கே பார்த்துவிடுவது நல்லது.

பிசியோதெரபி என்றால் கை கால்களை இழுத்து மடக்குவது என்று நினைக்கிறோம். சிறு பிள்ளைக்கு விளையாட்டுத்தான் பயிற்சி. பந்தைச் சற்று எட்ட வைத்தால் சாய்ந்து எடுக்கப் பார்க்கும். சோபாவின் மேல் வைத்தால் பிடித்து எழும்ப முயலும். பிசியோ வந்து போவது கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் பிள்ளை வீட்டிலும் முன்பள்ளியிலும்தான் இருக்கிறது. மற்றப் பிள்ளைகள் ஓடுவதைக் கண்டு தானும் போக வேண்டும் என்று வரும் ஆசையை நாங்கள் மருத்துவமனையில் கொடுக்க முடியாது.

2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி, உடற்குறையைக் காரணம் காட்டி முன்பள்ளி எதுவும் பிள்ளையைப் பாரபட்சமாக நடத்தக் கூடாது. நியாயமான மாற்றங்களைச் செய்து கொடுக்க வேண்டும். கூடுதல் உதவிக்கான மதிப்பீட்டை இங்கிலாந்தில் பெற்றோரே கவுன்சிலிடம் கேட்கலாம். ஆங்கிலம் தெரியாது என்று கூச்சப்பட வேண்டாம். சபையில் ஒருவர் கூட வருவோம்.

இனி நம்முடைய பங்கு. ஒரு குடும்பம் ஆராதனைக்கு வராமல் நின்றுவிடுவது வாசற்படியால் மட்டுமல்ல, "இன்னும் நடக்கவில்லையா?" என்ற நமது கேள்வியாலும்தான். ஓய்வுநாள் பள்ளியில் குதித்துப் பாடும் பாட்டை எல்லோரும் நிலத்தில் இருந்து கைகளால் பாடலாம். ஒளிவிழா நாடகத்தில் ஒரு சாஸ்திரி சக்கர நாற்காலியில் வரலாம்.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு வேலை. நண்பனின் சக்கர நாற்காலியைக் கேட்காமல் தள்ளாதீர்கள். விளையாடத் தொடங்குமுன், "நீயும் வாறியா?" என்று கேளுங்கள்.

இந்த ஆண்டுவிழாவில் மண்டப வாசலுக்கு ஒரு சாய்தளம் அமைக்கத் தீர்மானிப்போம். தாவீது ஆளனுப்பி அழைத்ததுபோல, வராமல் நிற்கும் குடும்பங்களை நாமும் வீடு தேடிப்போய் அழைப்போம்.

கர்த்தர் தாமே நம் சபையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.