சங்கத்துக்கு வரும் புதியவர்



மைசூர் அரண்மனையிலிருந்து காலாற நடந்து போகும் தூரத்தில் அக்ரஹாரம் என்னும் பகுதி இருக்கிறது. நூற்றொரு கணபதி கோயில் அங்கேதான் உள்ளது. இராமானுஜர் சாலை, தியாகராஜர் சாலை என்று தமிழர் செவிக்குப் பழகிய பெயர்களும் உண்டு. நம் வானொலிக்கு வழங்கும் ஆகாசவாணி என்ற பெயர்கூட மைசூரில் கேட்டதுதான். 1935ஆம் ஆண்டில் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி தம் இல்லத்தில் தொடங்கிய சிறு நிலையத்துக்கு அப்பெயர் சூட்டப்பெற்றது. ஆகவே, உத்தியோகத்தின் பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு இவ்வூரில் வந்து இறங்கும் ஒருவர் தம்மை அந்நியராக எண்ணுவதற்கு இடமில்லை என்று கேட்போர் நினைக்கக்கூடும். நாங்களும் அவ்வாறே நினைத்திருந்தோம். ஆனால், சாலைக்கு இட்ட பெயர் எவரையும் வீட்டுக்குள் அழைத்து ஒரு வாய் காப்பி கொடுப்பதில்லை.

நாங்கள் சிலர் அக்ரஹாரத்தில் பல ஆண்டுகளாக ஒரு சேவைச் சங்கம் நடத்தி வருகிறோம். பெரிய சங்கம் அன்று. ஏழை மாணவர்க்குப் பாடப்புத்தகம் வாங்கிக் கொடுப்பது, கோடையில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது, ஆண்டுக்கு ஒரு முறை கண் பரிசோதனை முகாம் நடத்துவது ஆகிய இவையே எங்கள் பணிகள். மாதத்தின் முதல் ஞாயிறன்று ஓர் அங்கத்தினர் வீட்டு மாடியில் கூடுவோம். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பொருளாளர் கணக்கை வாசித்தபோது, அவ்வாண்டில் புத்தகத்துக்குச் செலவிட்ட தொகையைக் காட்டிலும் மலர்வளையத்துக்குச் செலவிட்ட தொகை அதிகம் என்பது தெரிய வந்தது. சிலர் சிரித்தார்கள். பிறகு மாடியில் இருந்த தலைகளை நாங்கள் எண்ணிப் பார்த்தோம். நாற்பது நாற்காலிகளில் பதினொன்றே நிறைந்திருந்தன. அந்தப் பதினொருவரில் அறுபது வயதுக்குக் கீழே இருவர்தாம்.

அங்கத்தினர் தேவை என்று ஒரு விளம்பரம் அச்சிட்டோம். சிற்றுண்டிச் சாலையிலும், கோயில் வாசலிலும், காய்கறிக் கடையிலும் ஒட்டினோம். மூவர் வந்தனர். அவர்களுள் ஒருவர் ஹெப்பாளில் உள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்த இளைஞர். தருமபுரிப் பக்கத்துக் கிராமத்தார். கடைசி வரிசையில் அமர்ந்தார். தலைவர் முப்பது நிமிடம் சங்கத்தின் வரலாற்றை எடுத்துரைத்தார். காரியதரிசி சந்தாப் புத்தகத்தை நீட்டினார். பிறகு எங்களுள் ஒருவர் அன்புடன்தான் விசாரித்தார்: சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?

இந்த இரண்டாவது கேள்வியின் உட்பொருளைத் தமிழ் மக்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. அந்த இளைஞர் பணிவாக விடை சொன்னார், சந்தாவையும் செலுத்தினார், மறுமாதம் வரவில்லை. அக்ரஹாரம் என்றால், வேதம் ஓதுவோர்க்கு அரசர் மானியமாக அளித்த குடியிருப்பு என்பது பழைய பொருள். இன்றைய மைசூர் அக்ரஹாரத்தில் எல்லா வகுப்பாரும் வாழ்கிறார்கள், வணிகம் செய்கிறார்கள். தெரு திறந்துவிட்டது. எங்கள் மாடிதான் திறக்கவில்லை போலும்!

ஆறு மாதங்கள் கழித்து, எங்கள் உறவினர் ஒருவரின் அறுவை சிகிச்சைக்கு இரத்தம் தேடி கிருஷ்ணராஜேந்திர மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கே அதே இளைஞர், தம்முடன் வேலை செய்யும் நால்வரை அழைத்து வந்து இரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். அது அவருக்கு மூன்றாவது முறையாம். சேவை செய்ய ஆள் கிடைக்கவில்லை என்று நாங்கள் தீர்மானம் எழுதிக்கொண்டிருந்த காலத்தில், எங்கள் மாடிப்படியில் இறங்கிப் போனவர் தம் சேவையைச் செய்துகொண்டேதான் இருந்திருக்கிறார்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, உலகில் பெயர் பெற்ற சேவைச் சங்கங்கள் புதியவரை எவ்வாறு சேர்த்தன என்று அறிய விரும்பினோம். ரோட்டரி சங்கத்தின் கதை எங்களுக்கு மிகவும் பயன்பட்டது. அதைத் தொடங்கிய பால் ஹாரிஸ் நம்மைப் போலவே ஊர் விட்டு ஊர் வந்தவர். வெர்மான்ட் மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில் பாட்டனார் வீட்டில் வளர்ந்து, 1896ஆம் ஆண்டில் சிகாகோ நகரில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். பெருநகரில் கட்சிக்காரர்கள் கிடைத்தார்கள், நண்பர்கள் கிடைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளும் விடுமுறை நாள்களும் அவருக்குப் பெரும் பாரமாக இருந்தன. 1900ஆம் ஆண்டில் ஒரு மாலை, சக வழக்கறிஞர் ஒருவர் வீட்டில் உணவருந்திவிட்டு அவருடன் உலாவச் சென்றார். அந்த நண்பர் வழியிலுள்ள கடைக்காரர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்து நலம் விசாரித்தார். சொந்த ஊரில் கண்ட அதே காட்சி! அந்த எண்ணம் ஐந்து ஆண்டுகள் மனத்திலே கிடந்து, 1905 பிப்ரவரி 23ஆம் தேதி நால்வர் கூடிய ஒரு சிறு கூட்டமாக உருவெடுத்தது. ஒருவர் வழக்கறிஞர், ஒருவர் நிலக்கரி வியாபாரி, ஒருவர் சுரங்கப் பொறியாளர், மற்றொருவர் தையற்காரர். முறை வைத்து ஒவ்வொருவர் அலுவலகத்திலும் சுழன்று சுழன்று கூடியதால் சுழற்சியைக் குறிக்கும் அந்தப் பெயர் வந்தது.

ஆனால் அப்போது அது சேவைச் சங்கம் அன்று. அங்கத்தினர் ஒருவர்க்கொருவர் வியாபாரம் தேடிக் கொடுப்பதும், கூடி மகிழ்வதுமே அதன் நோக்கங்கள். அதைச் சேவைச் சங்கமாக்கியவர் யார் தெரியுமா? சேர மறுத்த ஒருவர். 1906ஆம் ஆண்டில் டொனால்டு கார்ட்டர் என்ற வழக்கறிஞரை ஓர் அங்கத்தினர் அழைத்தார். கார்ட்டர் விதிமுறைகளை வாங்கிப் படித்துவிட்டு, தன் அங்கத்தினருக்கன்றிப் பிறருக்கு ஒன்றும் செய்யாத சங்கத்துக்கு எதிர்காலம் இல்லை என்று கூறிவிட்டார். அழைத்தவர் கோபித்துக்கொண்டு போகவில்லை. அப்படியானால் நீங்களே வந்து விதியை மாற்றித் தாருங்கள் என்ற பொருளில் அவரை மீண்டும் அழைத்தார். நகரத்தின் நலனை நாடுவது என்ற நோக்கம் விதிமுறையில் ஏறியது, கார்ட்டரும் சேர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே, சிகாகோ நகரத்தில் பொதுக் கழிப்பிடம் ஏற்படுத்தும் முயற்சியை அச்சங்கம் மேற்கொண்டது. 1920இல் கல்கத்தாவிலும் 1929இல் சென்னையிலும் ரோட்டரி வேர் ஊன்றியபோது வந்தது கார்ட்டர் திருத்திய சங்கம்தான்.

புதியவரைச் சேர்ப்பது என்றால் காலி நாற்காலியை நிரப்புவது என்றே நாங்கள் அதுவரை எண்ணியிருந்தோம். வருபவர் எங்களைப் போல் ஆகவேண்டும் என்பது எங்கள் எதிர்பார்ப்பு. எங்களை அவர் மாற்றக்கூடும் என்பதை எவரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அந்த ரோட்டரியே பெண்களைச் சேர்க்க எண்பது ஆண்டுகளுக்கு மேல் எடுத்துக்கொண்டது. கலிபோர்னியாவில் துவார்ட்டே என்னும் சிற்றூர்ச் சங்கம், ஆள் குறைந்து போனதால் 1977இல் மூன்று பெண்மணிகளைச் சேர்த்தது. மறு ஆண்டே தலைமை நிலையம் அதன் அங்கீகாரத்தைப் பறித்தது. வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்று, 1987இல் அப்பெண்மணிகளுக்குச் சாதகமாகத் தீர்ந்தது. 1989இல் உலக முழுவதுக்குமான விதி மாறியது. இதைப் படித்துவிட்டு நாங்கள் அவர்களைக் குறை கூறத் தொடங்கினோம். அப்போது உள்ளறையிலிருந்து, எங்கள் முகாம்களுக்கெல்லாம் உணவு சமைத்து, நோயாளிகளை வரிசையில் அமர்த்தி, பெயர் எழுதிக்கொண்டும் வந்த பெண்களில் ஒருவர், நம் பதிவேட்டில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்று கேட்டார். ஒருவரும் இல்லை.

நம் நாட்டிலிருந்தும் ஓர் உதாரணம் சொல்ல வேண்டும். ரோட்டரி பிறந்த அதே 1905ஆம் ஆண்டில் கோபால கிருஷ்ண கோகலே புனாவில் இந்திய ஊழியர் சங்கத்தை நிறுவினார். அங்கே சேருவது எளிதன்று. ஐந்து ஆண்டுப் பயிற்சியும் கடும் விரதங்களும் உண்டு. திருவல்லிக்கேணியில் தலைமை ஆசிரியராக இருந்த வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் 1907இல் அதில் சேர்ந்தார்; கோகலே மறைந்ததும் 1915இல் தலைவரும் ஆனார். தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒருவரிடம் அச்சங்கம் தன்னை ஒப்படைத்தது. ஆனால் அதே ஆண்டில், அதே சங்கம் காந்தியடிகளைச் சேர்ப்பதா வேண்டாமா என்று தயங்கியது! சிலர் வேண்டும் என்றனர். வேறு சிலர், அவருடைய வழியும் எங்கள் வழியும் வேறு என்றனர். பிணக்கு வளர்வதைக் கண்ட காந்தியடிகள் தம் விண்ணப்பத்தைத் தாமே திரும்பப் பெற்றுக்கொண்டார், நட்பு குறையவில்லை. இதில் சங்கத்தாரைப் பழிப்பதற்கில்லை என்பது எங்கள் கருத்து. அவர்கள் கொள்கையைப் பற்றிக் கேட்டார்கள்; தெருவைப் பற்றிக் கேட்கவில்லை. ஒருவரைச் சேர்க்க இயலாது என்றால், அதற்கும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணம் இருக்க வேண்டும்.

எங்கள் சங்கத்தில் மிகுந்த விவாதத்துக்கு உள்ளானது மொழிப் பிரச்சினை. கன்னட அன்பர்களையும் அங்கத்தினராக அழைக்கலாம் என்று ஒருவர் சொன்னவுடன், பெரியவர் ஒருவர் எழுந்து, இங்கே தமிழ் பேசுவதற்கு நமக்கு இருப்பது இந்த ஒரு மாடிதான், அதையும் விடவேண்டுமா என்று கேட்டார். அவர் குரல் தழுதழுத்தது. அது வீண் பிடிவாதம் அன்று. வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் எவருக்கும் அந்த ஏக்கம் தெரியும்.

அவருக்கு விடை சொன்னவர் அவரைவிட மூத்தவர். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால ஆணையை ஒட்டி 1991 டிசம்பரில் பெங்களூரிலும் மைசூர்ப் பக்கத்திலும் கலவரம் மூண்டபோது, எங்களுட் பலர் கதவைத் தாழிட்டு உள்ளே இருந்தோம். அப்போது இந்தப் பெரியவரின் வீட்டுத் திண்ணையில் இரண்டு இரவுகள் காவல் இருந்தவர்கள் எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்தார். நம் சங்கத்து ஆள் ஒருவரும் அந்த இரவில் தெருவைக் கடந்து வர இயலவில்லை என்பதை மட்டும் அவர் நினைவூட்டினார். பிறகு இன்னொன்றும் சொன்னார். மாண்டிய ஐயங்கார்க் குடும்பங்கள் நூற்றாண்டுகளாகக் கன்னட நாட்டில் வாழ்ந்தும் வீட்டில் தமிழை விடவில்லை. கன்னடச் சிறுகதையின் தந்தை எனப் போற்றப்படுபவரும், 1983ஆம் ஆண்டுக்குரிய ஞானபீடப் பரிசு பெற்றவருமான மாஸ்தி வெங்கடேச ஐயங்காரின் வீட்டு மொழி தமிழே. கதவு திறந்திருந்ததால் அந்தத் தமிழ் ஓடிப்போய்விடவில்லை.

கூட்டம் தமிழில் நடக்கும், வேண்டியபோது கன்னடத்தில் ஒருவர் எடுத்துச் சொல்வார் என்று முடிவாயிற்று. பெரியவர் முழு மனத்துடன் இசைந்தார் என்று சொல்லமாட்டோம். ஆனால் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தவில்லை.

பிற நகரங்களில் இத்தகைய சங்கம் நடத்தும் அன்பர்களுக்குப் பயன்படலாம் என்பதால், நாங்கள் செய்த சிலவற்றைச் சொல்கிறோம். விளம்பரம் ஒட்டுவதை விட்டுவிட்டோம். புதிதாகக் குடிவந்த வீட்டுக்கு இருவராகச் செல்கிறோம். பால்காரர், பள்ளிக்கூடம், எரிவாயு இணைப்பு ஆகியவற்றுக்கு வழி சொல்கிறோம். முதல் சந்திப்பில் சங்கத்தைப் பற்றிப் பேசுவதில்லை. பேசத் துடிக்கும் எங்கள் தலைவரை அழைத்துச் செல்வதும் இல்லை. அவர் இதைக் கேட்டுக்கொண்டிருப்பார், மன்னிப்பார். முதல் ஆறு மாதங்களுக்குச் சந்தா கிடையாது. முதல் கூட்டத்திலேயே வந்தவருக்கு அருகில் ஒருவர் அமர வேண்டும். இரண்டாவது கூட்டத்துக்குள் அவர் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும். மூன்றாவது கூட்டத்தில் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கிறோம்: நாங்கள் எதைக் காணாமல் இருக்கிறோம்?

இந்தக் கேள்விக்கு எங்கள் முதல் பெண் அங்கத்தினருள் ஒருவரான செவிலியர் கொடுத்த விடை எங்களைத் திடுக்கிடச் செய்தது. அப்போது நாங்கள் ஒரு புத்தக அலமாரி வாங்கப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தோம். அலமாரி இருக்கட்டும், பெரிய மருத்துவமனையின் புறநோயாளிப் பகுதிக்கு ஒரு திங்கட்கிழமை வந்து நின்று பாருங்கள் என்றார். சென்றோம். கொள்ளேகாலத்திலிருந்தும் அதற்கு அப்பாலுள்ள மலைக் கிராமங்களிலிருந்தும் வந்தவர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நின்றார்கள். கொள்ளேகாலம் 1956 வரை கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்தது அல்லவா? அவர்களுள் தமிழ் மட்டும் பேசுவோர் உண்டு. தமிழ்நாட்டு எல்லைக்குள் உள்ள தாளவாடியிலிருந்து வருவோரில் கன்னடம் மட்டும் பேசுவோரும் உண்டு. இரு சாராருக்கும் எந்த அறைக்குப் போவது, எந்தத் தாளில் கையொப்பம் இடுவது என்பதைச் சொல்ல ஆள் இல்லை.

அந்தப் பணி இப்போது வாரத்தில் இரண்டு நாள் நடக்கிறது. ஒரு தமிழரும் ஒரு கன்னடரும் இணைந்து நிற்கிறார்கள். அலமாரி இன்னும் வாங்கவில்லை.

ஹெப்பாளில் வேலை செய்யும் அந்த இளைஞரையும் போய்ப் பார்த்தோம். எங்களுள் அந்தக் கேள்வியைக் கேட்டவரே முன்னால் நின்று பேசினார். இளைஞர் தேநீர் கொடுத்தார், நெடுநேரம் உரையாடினார். இரத்தம் வேண்டுமானால் எந்த நேரத்திலும் அழையுங்கள், நண்பர்களோடு வருகிறேன், ஆனால் சங்கத்தில் சேருவதைப் பற்றிப் பிறகு பார்க்கலாம் என்று சொன்னார். இரண்டு முறை அழைத்தோம். இரண்டு முறையும் வந்தார். பதிவேட்டில் அவர் பெயர் இன்னும் ஏறவில்லை. வரும் முதல் ஞாயிறன்று கூட்டம் அவர் குடியிருக்கும் பகுதியில் நடக்கிறது; மாடி இல்லை, தரைத்தளம்தான்.